அளவுக்கு ஓர் ஆள்



மலை எவ்வளவு பெரியது என்று படத்தில் காட்ட ஓர் ஆள் நிற்க வேண்டுமாம். அந்த ஆள் அவள்தான். கட்டிக்கொண்ட பாவத்துக்கு, எந்த மலைக்குப் போனாலும் இந்த வேலை.

பாறையின் நுனி. முன்னால் இரண்டு எட்டு வைத்தால் பள்ளம். பின்னால் சற்றுத் தள்ளி கேமராவும் கணவனும்.

கீழே தேயிலைத் தோட்டம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து அவள் முகத்தை மூடியது. திரும்பிப் பார்த்தாள். வெள்ளை. மறுபடி திரும்பினாள். அதே வெள்ளை.

திரும்பியிருக்கக் கூடாது. இப்போது எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் அவன் என்று தெரியவில்லை.



“மதி, அசையாத! அப்படியே நில்லு!”

அவன் குரல் மலையில் எதிரொலித்து நாலு பக்கமிருந்தும் வந்தது.

போன உயிர் திரும்பியது. என்ன இருந்தாலும் என் மேல் அக்கறை இருக்கிறது என்று நினைத்தாள். கண் கலங்கியது. அவன் வந்து கையைப் பிடிக்கும்வரை அசையக் கூடாது.

நின்றாள்.

காற்று தள்ளியது. பாறை ஈரத்தில் வழுக்கியது. அவன் வரவில்லை.

க்ளிக்.

முதலில் புரியவில்லை.

க்ளிக். க்ளிக்.

“சூப்பரா இருக்கு மதி! ஆவி மாதிரி தெரியுற. அசையாத!”

புரிந்தது. உடம்பெல்லாம் சில்லிட்டது. பள்ளத்தை நினைத்து அல்ல.

மூட்டம் இன்னும் அடர்ந்தது. அவன் குரல்தான் நாலு பக்கமும் அலைந்தது. க்ளிக் ஒரே பக்கத்திலிருந்து வந்தது.

அவள் மண்டியிட்டாள். பாறையைத் தடவித் தடவி, அந்தச் சத்தத்தை நோக்கித் தவழ்ந்தாள். கை பட்டு ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

அம்மா என்று வாய்க்குள்ளேயே அலறினாள்.

க்ளிக். அந்தப் பக்கம் திரும்பினாள்.

புல் தட்டுப்பட்டது. பிறகு ட்ரைபாடின் கால். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூட்டத்தையே எடுத்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் போய் எழுந்து நின்றாள். முட்டியில் ரத்தம்.

திடீரென்று காற்று மூட்டத்தை விலக்கியது. வெயில், அடுக்கடுக்காய் மலைகள். இதற்காகத்தான் வந்திருந்தான்.

பாறையில் யாரும் இல்லை.

“மதி?”

கேமராவை விட்டுவிட்டு ஓடினான். நுனிவரை போகத் தைரியமில்லாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“மதீ...!”

அவன் இப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று, அவன் முதுகைப் பார்த்தபடி பேசாமல் நின்றாள்.