பாடம் இறங்கவில்லை

மோதி பாக் குடியிருப்பில் தனியாக இருந்த நர்ஸ் பிலோமிக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகப் பழக்கமில்லை. ஜெர்மனி வேலைக்கான தேர்வுப் பாடங்களோ எல்லாம் வீடியோக்கள். வீட்டில் நெட் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் அவற்றை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள, கூட வேலை பார்க்கும் வினோலியா போனில் வழி சொன்னாள்.

"கறுப்பு விண்டோ திறந்துச்சா? அச்சா. நான் சொல்ற மாதிரியே டைப் பண்ணுங்கக்கா. அதுக்குப் பக்கத்துல பாடத்தோட லிங்க்கைப் போட்டு என்டர் தட்டுங்க."

பிலோமி தட்டினாள். சதவீதம் ஏறி நூறில் நின்றது. வீடியோவைத் திறந்தாள். பாடம் வரவில்லை. அவளுடைய அறைதான் வந்தது. அதில் அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள், பின்னாலிருந்து யாரோ எடுத்ததுபோல. திரும்பிப் பார்த்தாள். சுவர் மட்டுமே இருந்தது.

எழுந்து ஓடிக் கதவைத் திறக்கப் பார்த்தாள். தாழ்ப்பாளை நீக்கியும் கதவு அசையவில்லை.

"வினோ, கதவு திறக்க மாட்டேங்குது. ஜல்தி வா!"

பக்கத்து பிளாக்கிலிருந்த வினோலியா போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தாள். "அக்கா, கதவு திறந்துதானே கிடக்கு? நான் உள்ள வந்துட்டேன். நீங்க எங்க?"

"உள்ளதான்டி இருக்கேன்!" பிலோமி கதவைப் படபடவென்று தட்டினாள்.

"இங்க யாருமில்லக்கா. லேப்டாப்ல ஒரு வீடியோ ஓடுது. அதுல நீங்க கதவைத் தட்டிட்டிருக்கீங்க."

பிலோமி தட்டுவதை நிறுத்தினாள்.

"இப்ப நிறுத்திட்டீங்க," என்றாள் வினோலியா.