சோயா மூட்டை

எலி அறையின் குழல்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. தீவன மூட்டையின் முன் குந்தியிருக்கிறாள் ஆராய்ச்சிக்காரி. உள்ளங்கையில் நாலைந்து தீவனக் கட்டிகள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பேராசிரியர் விருந்தினர்களிடம் முழங்குகிறார். நோய் எதிர்ப்பு அணுக்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எப்படி வளர்த்து ஆளாக்குகிறது என்று உலகமே இனி அவரிடம்தான் கேட்க வேண்டுமாம். இந்த எலிகளுக்கு அதைச் சுரக்கும் சூலகத்தையே நீக்கியாயிற்று, உடம்பில் ஈஸ்ட்ரோஜன் மருந்துக்குக்கூட இல்லையாம். மூட்டையின் மேல் கொட்டை எழுத்தில் ‘சோயா’ என்று போட்டிருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடித்து உடம்பை ஏய்க்கும் சத்து சோயாவில் உண்டு. கத்தி வைத்து வெளியேற்றியதைத் தட்டு வைத்து ஊட்டியிருக்கிறார்கள். மூன்று வருஷ முடிவுகளில் ஒன்றுகூட இனி நிற்காது. “புரதம் ஜாஸ்தின்னு ஆரம்பத்துலயே சார்தான் இதை வாங்கச் சொன்னாரு மேடம்,” என்கிறார் கூண்டுகளைக் கழுவுகிறவர். “பாருங்க, ஒவ்வொண்ணும் மாப்பிள்ளை மாதிரி இருக்கு.”

அவளுடைய கைபேசி அதிர்கிறது. தங்கை. சொந்த எதிர்ப்பு அணுக்களே சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கும் நோய் அவளுக்கு. “அக்கா, உன் எலிங்க என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா?” என்று சிரிக்கிறாள், சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

“சாப்பிட்டுட்டு இருக்குடி,” என்கிறாள் அக்கா.

“சரி, மெதுவா சாப்பிடட்டும். நான் எங்க போகப்போறேன்.”

கதவுக்கு அப்பால் கைதட்டுகிறார்கள். அது ஓய்ந்ததும் கூண்டுகளில் கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. கையிலிருக்கும் கட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்துக் கூண்டுக்குள்ளேயே போடுகிறாள்.