நாலாவது பெல்ட்

"எல்லப்பா, நாளைலேர்ந்து நீ தறிப்பக்கம் வராத."

ரயில்வே யார்டில் நின்றபடி போனில் பொரிந்து தள்ளினார் ஆரணி சம்பந்தம். எதிரே திறந்த வேகனில் ராணுவ லாரி ஒன்று கோணிக்கொண்டு நின்றது. அவர் விசைத்தறியில் நெய்த பெல்ட்டுகளால் லாரியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி, வேகனை எஞ்சினால் தள்ளி, நின்றிருந்த வேகன்கள் மீது மோதவிட்டுப் பார்த்திருந்தார்கள். மூன்று பெல்ட் தாங்கியது. ஒன்று அறுந்துவிட்டது.

பட்டுச்சேலை ஓட்டம் நின்று பூட்டிக் கிடந்த தறிக்கொட்டகைக்கு ராணுவத்துக்கு பெல்ட் நெய்யும் இந்த ஆர்டர்தான் கடைசி நம்பிக்கை. அது கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது.

"மொதலாளி, அறுந்த பெல்ட்ட ஒருதபா கையில எடுத்துப் பாத்துட்டுப் பேசுங்க," என்றான் எல்லப்பன். குரலில் கெஞ்சல் இல்லை.

"பாக்கறதுக்கு இன்னா கீது? இதெல்லாம் பரம்பரையா கையில வரணும்டா. வயல்ல கூலி வேல செஞ்சிகினு இருந்தவன தறியில நிக்கவெச்சேன் பாரு, அது என் தப்பு."

பெரணமல்லூரிலிருந்து வருஷக்கணக்காக முதல் பஸ் பிடித்து வந்து தறி ஓட்டியவன் எல்லப்பன். "சரிங்க" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டான்.

அறுந்த பெல்ட்டோடு ராணுவ அதிகாரி வந்தார். சம்பந்தம் முந்திக்கொண்டார். குற்றம் முழுக்க நெய்தவன் மேல்தான், அவனை இப்போதுதான் வேலையை விட்டு நிறுத்தினேன், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கைகூப்பினார். தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டால் மறுசோதனை வைக்கலாம் என்று சொல்லி, அதிகாரி பெல்ட்டை அவர் கையில் கொடுத்தார்.

அறுந்த முனையில் மஞ்சள் தோய்த்த நூல் ஒன்று தொங்கியது. தறியில் ஏற்றிய புதுப் பாவு நூலில் முதல் துண்டை முதலாளியே நெய்து, ஓரத்தில் மஞ்சள் நூல் ஓட்டுவது சம்பந்தம் வீட்டு வழக்கம். மற்ற மூன்றும்தான் எல்லப்பன் நெய்தது.

சம்பந்தத்தின் முகம் செத்துப்போனது. அதிகாரி வேறு பக்கம் திரும்பிய நேரத்தில் நூலை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆமா சார். இது அவன் ஓட்டுனதுதான்."

"அப்ப இனிமே யாரையும் நம்பாதீங்க," என்றார் அதிகாரி. "அடுத்த சோதனைக்கு நாலு பெல்ட்டையும் நீங்களே உங்க கையால நெய்து கொண்டு வாங்க."