நாற்பது வினாடிப் படம்

"நீ கையெழுத்துப் போடாம இருக்கதுக்கு உருப்படியா ஒரு காரணம் சொல்லு தாயி, நான் எந்திரிச்சுப் போயிருதேன்."

சொன்னாரே தவிர, கோமதிநாயகம் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. கோகிலவாணி வீட்டு நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். செம்பூரில் அவர்கள் எல்லோரும் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் சொசைட்டி செக்ரெட்டரி அவர். அதை இடித்துவிட்டு இருபத்திரண்டு மாடி கட்டித் தருவதாக ஒரு பில்டர் வந்திருந்தான். பதினாறு வீட்டில் பதினைந்து வீடு கையெழுத்துப் போட்டு, வீட்டுப் பத்திரங்களையும் வெள்ளிக்கிழமையே அவனிடம் ஒப்படைத்தாயிற்று. எல்லாவற்றையும் முன்நின்று வாங்கிக் கொடுத்தவர் கோமதிநாயகம்தான். பாக்கி இந்த ஒரு வீடு.

"அந்த ஆள் இதுக்கு முந்தி எங்க கட்டியிருக்கார்னு யாராவது போய்ப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றாள் கோகிலவாணி.

இப்படியெல்லாம் கேட்பது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அவளுடைய கம்ப்யூட்டர் பக்கம் பார்வையைத் திருப்பினார். அதில் ஒரு குதிரை முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது.

கோகிலவாணி பகலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். மிச்ச நேரத்தில் வீடியோ கேம் விளையாடி, விளையாடுவதைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, குரல் கொடுத்து, சினிமா மாதிரி ஆக்கி யூடியூபில் போடுவாள். வேலை இல்லாதவர்கள் விளையாடுவார்கள், அதைவிட வேலை இல்லாதவர்கள் விளையாடியதைப் படம் பிடிப்பார்கள் என்பது கோமதிநாயகத்தின் கருத்து. அவர் டிராம்பே ஆலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இதைச் சொல்ல அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது.

"பொம்மை ஊரு, பொம்மைக் குதிரைன்னா நம்புத. நெசமான வீடு வருதுன்னா மட்டும் ஒனக்கு சந்தேகம் வந்துருது."

தப்பு அவள்மேல் மட்டும் இல்லை என்றும் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். போன மாத மீட்டிங்கில் பில்டர் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டியபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். படம் முடிந்து டீ வருவதற்குள் பதினைந்து கையெழுத்தும் விழுந்துவிட்டன. அவர் மனைவி பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயும் பாரு" என்று போனை நீட்டினார்.

விடிகாலை வெளிச்சம். கண்ணாடி பால்கனிகளோடு ஒரு கட்டடம் வானத்தை முட்டி நின்றது. கீழே தோட்டம், நீரூற்று. கேமரா மாடி மாடியாக ஏறி உச்சிக்குப் போனபோது ஒரு கூட்டம் நாரைகள் குறுக்கே பறந்தன. அத்தோடு படம் முடிந்தது.

கோகிலவாணி இன்னொரு முறை போடச் சொன்னாள். அவள் முகம் மாறுவதைக் கோமதிநாயகம் திருப்தியோடு பார்த்தார். இதே மாற்றத்தைப் பதினைந்து வீட்டு முகங்களில் அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"இதுக்குப் பேருதான் படம். எடுத்தவன்கிட்ட போயி நீ நாலு நாள் பாடம் படிக்கணும், கேட்டியா?"

யார் எடுத்தது என்று கேட்டாள். பில்டரின் ஆட்கள் டிரோன் விட்டு எடுத்ததாக அவர் சொன்னார்.

"இன்னும் கட்டாத பில்டிங்கயா?"

"அது டெக்னாலஜி தாயி. ஒனக்குப் புரியாது."

"மொத்தமே நாப்பது செகண்டுதானா அண்ணாச்சி?"

"ஏன், பத்தலியா? மிச்சத்த அங்க குடிபோயி பாத்துக்க." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

கோகிலவாணி பேனாவை வாங்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக் குதிரையை மூடினாள். இரண்டு வருடத்துக்கு முன் தான் யூடியூபில் போட்ட படம் ஒன்றைத் தேடி எடுத்து ஓடவிட்டாள்.

அதே விடிகாலை வெளிச்சம். அதே கண்ணாடி பால்கனிகள், அதே நீரூற்று. கோமதிநாயகம் கையிலிருந்த போனையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு மாசம் கேம்ல ஒக்காந்து இந்த பில்டிங்க கட்டுனது நான்தான் அண்ணாச்சி. ஒங்க பில்டரு என் படத்துல முத நாப்பது செகண்ட மட்டும் வெட்டி எடுத்திருக்கான்."

"மிச்சத்துல என்ன இருக்கு?" என்றார் அவர், குரல் இறங்கி.

அவள் பதில் சொல்வதற்குள், நாற்பத்தோராவது வினாடியில், இருபத்திரண்டு மாடியும் அப்படியே சரிந்து தரைமட்டமாயின.