திறக்காத ஜன்னல்

முதல் குத்து விலாவில் நிஜமாகவே இறங்கியது.

அவளுக்கு மூச்சடைத்தது. சினிமாக் குத்து என்றால் விரற்கடை தள்ளி நின்றுவிட வேண்டும். வாங்குகிறவள்தான் மடங்கி விழுந்து வலியைக் காட்ட வேண்டும். கதாநாயகிக்குப் பதிலாக அடி வாங்குவதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா என்ன.

குத்தியவன், வில்லனின் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த சண்டை மாஸ்டர். படப்பிடிப்பில் அவளுக்கு மாஸ்டர், வீட்டில் புருஷன்.

காலையில் அவள் கைபேசியில் விமான டிக்கெட்டைப் பார்த்துவிட்டான். இன்று இரவே கிளம்புகிறது. ஒரே ஒரு ஆள், மூன்று இரவுகள், கடல் தாண்டி ஆசியாவின் பெரிய நகரங்களில் ஒன்று.

"தனியா யாரைப் பாக்கப் போறே?"

"ஜன்னலைப் பாக்கங்க" என்றாள்.

சத்தியமான வார்த்தை. அதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நசுக்கினான். முகத்தில் மட்டும் கை வைக்கவில்லை. பகலில் படப்பிடிப்பு இருக்கிறதே, தொழில் பக்திக்கு அவனிடம் குறைச்சலே கிடையாது.

இப்போது கேமரா முன்னால் இரண்டாவது குத்தும் விலாவில் அதே இடத்தில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்தது அவளுக்கே கேட்டது.

அவள் கீழே விழுந்து தரையை இரண்டு தரம் தட்டினாள்.

சண்டைக்காரர்களுக்குள் அது ஒரு ஜாடை. நிஜமாகவே அடிபட்டுவிட்டது, நிறுத்து என்று அர்த்தம். இயக்குநருக்கோ கேமராக்காரருக்கோ அது பிடிபடாது. மாஸ்டர்தான் பார்த்து நிறுத்த வேண்டும்.

மாஸ்டர் பார்த்தான். பார்த்துவிட்டு, அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான்.

"பிரமாதம், பிரமாதம்" என்று இயக்குநர் முணுமுணுத்தார். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். கத்தினால் ஆஸ்பத்திரி, விசாரணை, அவள் இல்லாமலே விமானம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு விழுதல்தான் பாக்கி. ஜன்னல் வழியாக மெத்தையில் விழுந்து எழுந்துவிட்டால் வேலை முடிந்தது. ஒப்பனை அறையில் பை தயாராக இருக்கிறது.

அந்தப் பயணத்துக்கு அவள் போட்ட திட்டம் கொஞ்சநஞ்சமா! குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்த ஊர் ரயில் வரைபடத்தை மனப்பாடம் செய்தாள். எந்த நிலையத்தில் இறங்கினால் விடுதி பக்கம், எந்தக் கடையில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எல்லாம் அத்துப்படி. முப்பதாவது மாடியில் அறை. ஜன்னல் திறக்குமா என்று விடுதிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டாள். மன்னிக்கவும், திறக்காது என்று பதில் வந்தது.

அதற்காகவே அந்த அறையை எடுத்தாள்.

வயசுக்கு வந்த நாளிலிருந்து ஜன்னல் ஜன்னலாக விழுந்துகொண்டிருப்பவள். ஒரு ஜன்னலிலாவது சும்மா நின்று, ஆசை தீர வேடிக்கை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவன் அவளை இழுத்து வந்து ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தினான். தரையிலிருந்தே எழும்பும் உயரமான ஜன்னல், உடைவதற்கென்றே செய்த போலிக் கண்ணாடி. இரண்டு மாடி கீழே ஆளில்லாத பின்சந்து. அங்கே யாரும் நிற்கக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட உத்தரவு. மெத்தையை விரிப்பதும் அவனேதான், வேறு யாரையும் தொட விட மாட்டான்.

விழப்போகிறவள் கீழே பார்க்கக் கூடாது. பார்த்தால் பயம் முகத்தில் ஏறிவிடும். உதைக்கிறவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் அவள் ஒரு நாளும் விழுந்ததில்லை.

உதடு அசையாமல் கேட்டாள்.

"மெத்தை இருக்கா?"

"இருக்கு."

கல்யாணமான நாளாகக் கேட்டுவரும் பதில். வீட்டில் எத்தனை அடித்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவன் பொய் சொன்னதில்லை. ஆனால் எப்போதும் அவள் தோளுக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான். இன்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவள் உடம்பின் பாரத்தை ஒரு காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

உதை வந்தது. அவள் விலகினாள்.

பொய் உதை என்றால் கால் பாதியிலேயே நின்றிருக்கும், ஆளும் நின்றிருப்பான். இதில் உடம்பு மொத்தத்தையும் போட்டிருந்தான். அவள் மார்பு இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிதான் இருந்தது. கால் முன்னே போக, ஆள் பின்னாலேயே போனான். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

மெத்தையில் ஆள் விழும் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். கீழே கேட்டது வேறு சத்தம்.

அறைக்குள் எல்லோரும் கை தட்டினார்கள். மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் சீனை மாற்றிவிட்டார், இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று இயக்குநர் சிரித்தார்.

அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

மெத்தை சந்தின் அந்தக் கோடியில், சுருட்டிக் கட்டியபடியே சுவரில் சாய்ந்திருந்தது.

அவன் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தலைக்கடியில் சிமெண்டுத் தரை நனைந்துகொண்டே வந்தது. வலது கை மட்டும் மெல்ல உயர்ந்து, தரையைத் தட்டியது.

மறுபடியும் தட்டியது.

"மாஸ்டர் நல்லா இருக்காரா?" என்று பின்னாலிருந்து இயக்குநர் கேட்டார்.

அந்த ஜாடை புரிந்த ஆள் அங்கே அவள் ஒருத்திதான். சொல்ல வேண்டும். சொல்லத்தான் போகிறாள்.

அதற்கு முன்னால், ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்று வேடிக்கை பார்த்தாள்.