தேவி கேட்ட வரம்

“அதிசயமா இருக்கே, இன்னைக்கு உன் போன் வாயே திறக்கலையே!” என்றாள் பார்லர்காரி, தொட்டியில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். இந்தக் கூட்டத்தில் அவளுக்கு ஓட்டக்காரி என்று பெயர். உட்கார்ந்த இடம் சூடாகும் முன் வீட்டிலிருந்து மாமியார் போன் போடுவார். இவள் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடுவாள்.

கடை விடுமுறை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலைந்து பெண்கள் கூடும் கூட்டம் அது. ‘நமக்குள்ள இருக்கிற தேவியை நாமே கும்பிடலைன்னா வேற எவன் கும்பிடுவான்?’ என்று கேட்டுப் பார்லர்காரிதான் ஆரம்பித்து வைத்தாள். முடிவெட்டும் சுழல் நாற்காலியில் சிவப்புச் சால்வையை விரித்தால் அதுதான் சிம்மாசனம். வாரம் ஒருத்தி அதில் ஒரு மணி நேரம் தேவி. மற்றவர்கள் அவளுக்குக் கால் கழுவி, தலை வாரி, கண்ணில் வெள்ளரித் துண்டு வைப்பார்கள்.

கடைசியில் வரம். இங்கே வரம் கேட்பது தேவி, கொடுப்பது பக்தைகள். முடிகிற காரியமாக இருந்தால் மறுக்கக் கூடாது, ஏன் எதற்கு என்று கேட்கவும் கூடாது. போன வாரம் டீச்சர், ‘என் பிள்ளைங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேட்காம என்கூட டீ குடிங்க’ என்று கேட்டாள். குடிக்காமல் டீ ஆறும்வரை அழுதாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழாதவர் யாரும் இல்லை.

ஓட்டக்காரிக்கு முறை வருவது இது முதல் தடவை அல்ல. ஒருமுறை ஒற்றைக் கால் கழுவியதோடு ஓட்டம். இன்னொருமுறை பாதிப் பின்னலோடு. ஒரே ஒரு தடவை அந்த ஒரு மணி நேரத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு வெறியாகவே ஆகிவிட்டது. வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

“வீட்டுக்காரர் லாரியோட திரும்பிட்டாரா?” என்று டீச்சர் கேட்டாள்.

“இல்ல. நாளைக்குத்தான் வருவார்.”

“அப்போ உன் அத்தை தனியாவா இருக்காங்க?”

“உடம்பு துடைச்சு, தலை வாரி, வேற துணி மாத்திட்டுத்தான் வந்தேன். தொந்தரவு எதுவும் பண்ணல.”

“பார்த்தியா!” பார்லர்காரி தொட்டியின் விளிம்பில் தட்டினாள். “கொஞ்சம் கண்டிப்பா இருடின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? அடிமேல அடி வச்சா அம்மியும் நகரும். மாமியார் நகர மாட்டாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டக்காரி வெந்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி வந்தது. சூடாக இருக்கிறது என்று கண்தான் சொன்னது, கால் சொல்லவில்லை.

தையல்காரி பின்னால் நின்று சிக்கெடுத்தாள். வருஷக்கணக்கில் தானே அவசரமாக அள்ளி முடிந்த தலை. சீப்பு சிக்கிச் சிக்கி இழுத்தது.

“வலிக்குதா?”

“தெரியல.”

“இதென்னடி பதில்? வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு.”

நிஜமாகவே தெரியவில்லை. காலையிலிருந்தே அப்படித்தான். இந்நேரம் அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயமும் பக்கத்து வீட்டு டிவி சத்தம் மாதிரி எங்கேயோ கேட்டது.

மாமியார் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து வீட்டில் இருவருக்கும் ஏட்டிக்குப் போட்டிதான். அவர் கத்துவார், இவள் முணுமுணுப்பாள். ஆனாலும் சோற்றுக் கிண்ணத்தோடு போய் நின்றால், ‘நீ சாப்பிட்டியா?’ என்று கேட்காமல் அவர் முதல் வாய் வாங்கியதில்லை. இவளும் பொய்யாகவாவது ‘ஆச்சு’ என்று சொல்லாமல் ஊட்டியதில்லை.

கண்ணில் வெள்ளரித் துண்டு வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை, எதையும் எடுத்துவரச் சொல்லவில்லை. இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நெஞ்சு அதற்கும் அசையவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்லர்காரி கைதட்டினாள். “முழுசா ஒரு மணி நேரம்! ஓட்டக்காரி ஜெயிச்சுட்டாடி!”

விளக்கைப் போட்டார்கள். வெள்ளரித் துண்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஒழுங்காகத் தலை பின்னிய யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

“கேளு தாயே, என்ன வரம் வேணும்?” பார்லர்காரி மண்டியிட்டுக் கைகூப்பினாள்.

“நல்லாத் தூங்கணும்னு கேட்பா பாரு,” என்றாள் தையல்காரி.

ஓட்டக்காரி வெள்ளரித் துண்டுகளை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். பிறகு, “யாராவது ஒருத்தர் என்கூட வீட்டுக்கு வரணும். தனியாப் போய்க் கதவைத் திறக்க என்னால முடியாது,” என்றாள்.

“அவ்வளவுதானா? ஒருத்தர் என்ன, எல்லாருமே வர்றோம்!” பார்லர்காரி சிரித்தபடி எழுந்தாள். “எதுக்கு இப்படிப் பயப்படுறே? லேட்டாப் போனா அத்தை திட்டுவாங்களா?”

“ஏன்னு கேட்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானே,” என்று டீச்சர் அதட்டினாள்.

“பரவாயில்ல, கேட்கட்டும்.” ஓட்டக்காரி ஈரக் காலோடு தரையில் இறங்கினாள். “அத்தை காலையிலேயே இறந்துட்டாங்க.”