முக்கொம்பில் ஒரு ட்ரீட்

"நல்லா சாப்பிடுங்க. இன்னைக்கு என் ட்ரீட்டு" என்று பொரித்த மீன் தட்டை நடுவில் தள்ளினான் ஆரிஃப்.

"என்னண்ணே, பெரிய ஆர்டர் ஏதாச்சும் விழுந்திருக்கா?" பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டே கேட்டான் முஜிபுர் ரஹ்மான்.

"முதல்ல சாப்பிடு. சொல்றேன்."

புதன்கிழமை மதியம் ஆபீஸைப் பூட்டிவிட்டு, வேலை பார்க்கும் மூன்று பேரையும் முக்கொம்பு அணைக்கு அழைத்து வந்திருந்தான். வழியெல்லாம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்ததில், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிக் காரை ஓட்டிவிட்டான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் திருச்சி புத்தூரில் ஒரு மாடியைப் பிடித்து, கடைகளுக்கு விளம்பர வீடியோ எடுத்துத் தரும் கம்பெனி தொடங்கியவன் அவன். மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை அதே மாடியில் ஒரு கூட்டம். தொழில் செய்கிறவர்கள், செய்ய ஆசை உள்ளவர்கள் யாரும் வரலாம். ஆறு பேரோடு ஆரம்பித்தது அறுபது பேராகி, நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீங்க. இங்கயே ஏதாச்சும் செஞ்சு காட்டுவோம்!" என்று அவன் முடித்தால், கைதட்டல் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்கும்.

அந்தப் பேச்சை நம்பித்தான் ஸ்ரீரங்கத்து யமுனா சென்னை வேலையை உதறினாள். பிரான்சி பெங்களூரை வேண்டாம் என்றாள். முஜிப், மாமா ஏற்பாடு செய்த துபாய் விசாவையே திருப்பிவிட்டான். கூட்டம் வளர்ந்தது. கம்பெனிதான் வளரவில்லை. ஒரு தடவை வீடியோ எடுத்த கடைக்காரர் மறுதடவை எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது ஆரிஃபின் போனில் பெங்களூர் கம்பெனி ஒன்றின் ஆஃபர் லெட்டர் இருந்தது. மாலை ஆறு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

"போறதுன்னா போங்க. ஆனா அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க" என்றிருந்தாள் மனைவி தஸ்லிமா.

யமுனாவின் போன் அடித்தது. எழுந்து வேலியோரம் போய்ப் பேசினாள்.

"ஆமாங்க சார். மூணு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை நேர்ல வரோம்."

திரும்பி வந்தவளிடம், "யாரும்மா?" என்றான் ஆரிஃப்.

"பேங்க்லேர்ந்துண்ணே. சும்மா ஒரு வேலை." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரான்சி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

பேங்க், மூன்று கையெழுத்து என்று ஆரிஃப் கூட்டிப் பார்த்தான். ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் போட்டுக் கடன் வாங்குகிறார்களா? தன்னை நம்பியா?

மதகுப் பாலத்துக்கு நடந்தார்கள். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவில் ஆரிஃப் கண்ணை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொல்லியே விட்டான்.

"என்னண்ணே? கேக்கல!" என்று காதருகே கத்தினான் முஜிப்.

"தண்ணி நிறைய வருதுன்னேன்."

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தேகால். காருக்குத் திரும்பும்போது ஆரிஃப் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பை பையாகத் தேடினான். கடைசியில் கார்க் கதவில் சாய்ந்து நின்றான்.

"நான் கம்பெனியை மூடப்போறேன். பெங்களூர்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. உங்களைப் போகாதீங்கன்னு சொன்னவன் நான். என்னைத் திட்டுறதுன்னா திட்டிடுங்க."

யாரும் திட்டவில்லை. யமுனா துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழாதம்மா, நான் எப்படியாவது உங்களுக்கு ஒரு…"

"அவ அழலண்ணே, சிரிக்கிறா" என்றாள் பிரான்சி. "அப்பாடான்னு இருக்கு அவளுக்கு. பத்து நாளா நாங்க யாரும் சரியாத் தூங்கல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தோம்."

"எதை?"

"நாங்க மூணு பேரும் சேர்ந்து சொந்தமா ஒரு கம்பெனி பதிவு பண்ணிட்டோம். பேங்க்ல கணக்கும் ஆரம்பிச்சாச்சு."

ஆரிஃப் கார்க் கதவை விட்டு நிமிர்ந்தான். "என்ன கம்பெனி?"

"கடைக்காரங்களுக்கு நாம வீடியோ எடுத்துக் கொடுத்தோம். அவங்க கையில இருக்கற போன்லயே அவங்களே எடுக்கறதுக்குச் சொல்லிக் கொடுத்தா என்னன்னு தோணுச்சு. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வர்ற கடைக்காரங்களைக் கேட்டோம். நாப்பத்திரெண்டு பேர் பாடத்துக்குச் சேர்ந்துட்டாங்கண்ணே."

"எனக்குத் தெரியாமலா?"

"சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களோன்னு பயம்" என்றான் முஜிப், தரையைப் பார்த்தபடி.

ஆரிஃபுக்கு உள்ளே சுருக்கென்று குத்தியது. அந்தக் குத்தலுக்குக் கீழேயே, மூன்று வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதையும் அவன் உணர்ந்தான்.

"நல்லா வருவீங்க" என்றான். "நான் இல்லாமலேயே நல்லா வருவீங்க."

ஐந்து நாற்பது. போனை எடுத்து லெட்டரைத் திறந்தான். சம்மதம் என்ற இடத்துக்கு மேலே விரல் நின்றது.

"அண்ணே, ஒரு நிமிஷம்." யமுனா முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "பாடம் எடுக்க எங்களுக்கு வரும். ஆனா நாப்பது கடைக்காரங்களைக் கடையை விட்டுக் கிளப்பி, ஒரு இடத்துல உக்கார வச்சுப் பேச எங்க மூணு பேருக்கும் சுட்டுப்போட்டாலும் வராது."

மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தாள். இருவரும் தலையாட்டினார்கள்.

"எங்ககிட்ட வேலைக்குச் சேர்றீங்களாண்ணே?"